யாரையும் நம்ப வேண்டாத சாவி

ஒட்டுக்கேட்கவே முடியாத தகவல் தொடர்புக்காக நாடுகள் வரிசைகட்டிச் செயற்கைக்கோள் தயாரிக்கின்றன. இயற்பியல் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. நடுவில் பறக்கும் அந்தச் செயற்கைக்கோளை நம்பலாமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

2017 செப்டம்பர் 29. பெய்ஜிங்கில் சீன அறிவியல் அகாடமியின் தலைவர் பாய் சுன்லி உட்கார்ந்திருக்கிறார். வியன்னாவில் ஆஸ்திரிய அறிவியல் அகாடமியின் தலைவர் அன்டன் சைலிங்கர். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 7,600 கிலோமீட்டர். இருவரும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். குவாண்டம் முறையில் பாதுகாக்கப்பட்ட, கண்டம் விட்டுக் கண்டம் நடந்த முதல் வீடியோ பேச்சு என்று அது அறிவிக்கப்பட்டது.

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட செயற்கைக்கோள் வழியாகப் போகவில்லை. படமும் குரலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணையத்தில்தான் போயின. 75 நிமிடங்களில் கைமாறிய தரவு சுமார் 2 ஜிபி. மிசியஸ் என்ற சீனச் செயற்கைக்கோள் அதற்கு முன்பே கொடுத்திருந்தது வெறும் 70 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவுகூட இல்லை. பேச்சைப் பூட்டும் சாவி அது. விநாடிக்கு ஒரு தடவை பழைய சாவியை எறிந்துவிட்டு 128 பிட் நீளமுள்ள புதிய சாவியைப் போட்டார்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு அந்த 70 கிலோபைட் போதுமானதாக இருந்தது.

விண்வெளிக் குவாண்டம் தகவல் தொடர்பு என்ற பெரிய பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி இந்தச் சாவி தயாரிப்புதான். ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பும் வித்தை எதுவும் இதில் இல்லை. தொலைதூரத்தில் இருக்கும் இருவர் கையிலும் ஒரே எண் வரிசை இருக்க வேண்டும், மூன்றாவது ஆள் யாருக்கும் அது தெரிந்திருக்கக் கூடாது. இந்த எளிய தேவைக்காகத்தான் ராக்கெட்டும் லேசரும் தொலைநோக்கியும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயும்.

கணக்கை நம்பும் உலகம்

யுபிஐயில் பத்து ரூபாய் அனுப்பினாலும், வங்கியின் இணையதளத்தைத் திறந்தாலும், நம் கருவியும் மறுமுனையில் இருக்கும் கணினியும் முதலில் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடிவுசெய்கின்றன. ஊரே கேட்கும் கம்பியில் இருவர் எப்படி ரகசியம் பேச முடியும்? 1970-களில் கணிதம் அதற்கு வழி கண்டது. 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ முறை அவற்றில் பெயர்பெற்றது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது மலைக்க வைக்கும் வேலை. இந்தச் சிரமம்தான் பூட்டு.

இந்த வேலையை எவராலும் விரைவாகச் செய்ய முடியாது என்பதற்கு நிரூபணம் கிடையாது. இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை, அவ்வளவுதான். 1994-இல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் அந்தப் பூட்டை உடைத்துவிடலாம் என்று காட்டினார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை. ஆனாலும் உளவு அமைப்புகள் அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று கம்பியில் போகும் பூட்டிய செய்திகளை அப்படியே அள்ளிச் சேமித்துவைத்தால், கணினி வரும் நாளில் திறந்து படித்துக்கொள்ளலாம். நாளைக்குப் பழசாகிவிடும் செய்திக்கு இதனால் ஆபத்தில்லை. முப்பது ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய ராணுவத் திட்டமும் தூதரகக் கடிதமும் மருத்துவப் பதிவும் இன்றே ஆபத்தில் இருக்கின்றன.

பெங்களூரில் வாசித்த கட்டுரை

மாற்று வழி இந்தக் கவலைகளுக்கு முன்பே, நம் பக்கத்து ஊரில் அறிவிக்கப்பட்டுவிட்டது. 1984 டிசம்பரில் கணினி, சமிக்ஞை தொடர்பான சர்வதேச மாநாடு ஒன்று பெங்களூரில் நடந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட்டும் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் ழீல் பிரசார்டும் சேர்ந்து எழுதிய சில பக்கக் கட்டுரை ஒன்று அந்த மாநாட்டுத் தொகுப்பில் வந்தது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்தும் ஆண்டும் சேர்ந்து ‘பிபி84’ என்று அந்த முறை இன்று உலகம் முழுவதும் அழைக்கப்படுகிறது. இன்று விண்வெளிக்குப் போகும் குவாண்டம் கருவிகளில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவை.

முறை இதுதான். ஒளியின் மிகச் சிறிய அலகு ஃபோட்டான் என்ற ஒளித்துகள். அது அதிரும் திசைக்குப் பள்ளிப் புத்தகத்தில் தளவிளைவு என்று பெயர். அனுப்புபவர் ஒவ்வொரு ஒளித்துகளையும் கிடைமட்டம், செங்குத்து, வலச்சாய்வு, இடச்சாய்வு என்ற நான்கு திசைகளில் ஒன்றில் வைத்து அனுப்புகிறார். எந்தத் திசை என்பதைச் சீட்டுக் குலுக்கலைப் போலத் தற்செயலிடம் விட்டுவிடுகிறார். பெறுபவரும் நேர் அளவையா, சாய்வு அளவையா என்பதைத் தற்செயலாகவே தேர்ந்தெடுத்து அளக்கிறார். அளவை பொருந்தினால் சரியான விடை கிடைக்கும். பொருந்தாவிட்டால் குத்துமதிப்பான விடை. பிறகு இருவரும் சாதாரணத் தொலைபேசியில் ‘எந்த அளவை’ என்பதை மட்டும் ஒப்பிடுகிறார்கள், விடையைச் சொல்வதில்லை. பொருந்தியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டால், எஞ்சுவது இருவருக்கும் பொதுவான சாவி.

நடுவில் ஒருவர் ஒளித்துகளைப் பிடித்துப் பார்த்தால் என்ன ஆகும்? எந்த அளவையில் அளக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. பாதி நேரம் தவறான அளவையில் அளப்பார். அளந்த உடனே துகளின் நிலை மாறிவிடும். நகல் எடுத்துக்கொண்டு அசலை அனுப்பிவைக்கலாம் என்றால், தெரியாத குவாண்டம் நிலை ஒன்றை நகலெடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை என்று 1982-லேயே நிரூபித்தாகிவிட்டது. அவர் எல்லாத் துகளையும் தொட்டிருந்தால் சாவியில் நான்கில் ஒரு பங்கு பிழையாகிவிடும். சாவியின் ஒரு சிறு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தாலே ஆள் புகுந்தது அம்பலமாகிவிடும். அந்தச் சாவியைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம்.

கணக்கின் கடினத்தை நம்பியிருந்த ரகசியம் இப்படி இயற்கை விதியின் பொறுப்புக்கு வந்தது. 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் முதல் சோதனை நடந்தபோது ஒளித்துகள்கள் கடந்த தூரம் 32.5 சென்டிமீட்டர். அந்தக் கருவி ஒவ்வொரு திசைக்கும் வெவ்வேறு விதமாகச் சத்தம் போட்டதாம். ஒட்டுக்கேட்பவர் காது கேளாதவராக இருந்தால் மட்டும் தங்கள் முறை முழுப் பாதுகாப்பானது என்று பிரசார்ட் பின்னாளில் கேலி செய்தார். அந்தக் கேலியில் பெரிய பாடம் இருக்கிறது: விதி பொய்க்காது, கருவி பொய்க்கலாம்.

கம்பி ஏன் போதாது?

தரையடியில் ஒளியிழைகள் ஓடும்போது விண்வெளி எதற்கு? ஒளியிழை நல்ல கடத்திதான். ஆனாலும் ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் பத்தில் ஒன்பது பங்கு ஒளி கண்ணாடியில் கரைந்துபோகும். 1,000 கிலோமீட்டர் என்றால் இந்தக் கழிவு இருபது தடவை. விநாடிக்கு 1,000 கோடி ஒளித்துகள்களை அனுப்பினாலும், மறுமுனையில் ஒன்று வந்துசேர முன்னூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வழக்கமான இணையத்தில் இடையிடையே பெருக்கிகளை வைத்து ஒளியை மறுபடி வலுவாக்குகிறார்கள். குவாண்டத்தில் அது முடியாது, பெருக்குவது நகலெடுப்பதுதான். திருடனைத் தடுக்கும் விதியே உரியவரையும் தடுக்கிறது.

மேலே நோக்கினால் கணக்கு மாறிவிடுகிறது. காற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் போகப் போக வெற்றிடம். ஒளியைத் தின்ன அங்கே அநேகமாக எதுவும் இல்லை. கற்றை போகப் போக அகலமாகிறது என்ற ஒரே இழப்புதான். செயற்கைக்கோளிலிருந்து புறப்படும் மெல்லிய லேசர் கற்றை 1,200 கிலோமீட்டர் தாண்டித் தரையைத் தொடும்போது சுமார் 12 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அதில் 144-இல் ஒரு பங்கை வாங்கும். காற்றிலும் கருவியிலும் இன்னும் கொஞ்சம் போகும். போனாலும் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் துகள்கள் கைக்கு வரும்.

கோபியில் கிளம்பிய மோசி

2016 ஆகஸ்ட் 16 அதிகாலையில் கோபி பாலைவனத்து ஜியுச்சுவான் ஏவுதளத்திலிருந்து 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள மிசியஸ் கிளம்பியது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று 2,400 ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்த சீனச் சிந்தனையாளர் மோசியின் பெயர் லத்தீன் வடிவில் அதற்கு வைக்கப்பட்டது. திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஹெஃபேய் நகரத்துச் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பான் ஜியன்வெய். வியன்னாவில் வீடியோவில் பேசிய அதே சைலிங்கரிடம்தான் அவர் முனைவர் பட்டம் பெற்றார். சைலிங்கரும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்திடம் இப்படியொரு திட்டத்தை முன்வைத்திருந்தார். அங்கே கோப்பு நகரவில்லை. மாணவரின் நாட்டில் நகர்ந்தது. பின்னர் 2022-இல் குவாண்டம் பின்னல் சோதனைகளுக்காக ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர் ஆகியோருடன் சைலிங்கர் நோபல் பரிசு பெற்றார்.

500 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது மிசியஸ். ஒரு தரைநிலையத்தின் வானில் அது இருப்பது ஐந்து நிமிடம் போல. அதற்குள் மேலும் கீழும் வழிகாட்டி லேசர்களைப் பாய்ச்சி இரண்டு தொலைநோக்கிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டரில் ஓரிரு மீட்டருக்கு மேல் குறி தவறக் கூடாது. செயற்கைக்கோள் நகர நகர, தரையிலிருந்து பார்க்கும்போது ஒளியின் தளவிளைவுத் திசையும் சுழன்றுகொண்டே இருக்கும். திசைதான் செய்தி என்பதால், அந்தச் சுழற்சியை நொடிக்கு நொடி எதிர்த்திசையில் திருகிச் சரிசெய்ய வேண்டும். பகலில் சூரிய ஒளி உணர்கருவிகளை மூழ்கடித்துவிடும் என்பதால் வேலை இரவில்தான். மேகம் வந்தால் அன்றைக்கு விடுமுறை.

இவ்வளவையும் மீறி 2017-இல் மூன்று பெரிய முடிவுகள் வந்தன. செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு, 1,200 கிலோமீட்டர் வரையிலான தூரத்தில், பிபி84 வழிவந்த முறையில் சாவி அனுப்பப்பட்டது. திபெத்தில் 5,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஙாரி நிலையத்திலிருந்து ஒளித்துகளின் குவாண்டம் நிலை மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கு மாற்றப்பட்டது. மூன்றாவதுதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பின்னல் என்ற உறவால் கட்டுண்ட இரண்டு ஒளித்துகள்களில் ஒன்றைச் சீனாவின் டெலிங்ஹா தரைநிலையத்துக்கும் மற்றொன்றை 1,203 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிஜியாங்குக்கும் மிசியஸ் ஒரே நேரத்தில் இறக்கியது.

பின்னிய துகள்களில் ஒன்றை அளந்தால் வரும் விடை தற்செயலானது. ஆனால், அது எவ்வளவு தள்ளியிருக்கும் இணையின் விடையோடும் பொருந்திவரும். துகள்கள் புறப்படும்போதே விடையை ஒளித்து எடுத்துக்கொண்டு வருகின்றன என்று வைத்துக்கொண்டால், பெல் சோதனை என்ற அளவீட்டில் பொருத்தத்தின் அளவு 2-ஐத் தாண்ட முடியாது. டெலிங்ஹா - லிஜியாங் அளவீட்டில் வந்தது 2.37. விடை முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு 1,203 கிலோமீட்டர் நீளச் சாட்சி. 2019-இல் இதே செயற்கைக்கோளை வைத்து, புவியீர்ப்பு இந்தப் பின்னலைக் குலைக்குமா என்றும் சோதித்தார்கள். குலைக்கும் என்று சொன்ன ஒரு கோட்பாட்டின் வலுவான வடிவத்தை அந்தச் சோதனை தள்ளுபடி செய்தது.

நடுவில் இருப்பவர்

இப்போது பெய்ஜிங் - வியன்னா பேச்சுக்குத் திரும்புவோம். அந்தச் சாவி எப்படி வந்தது? மிசியஸ் முதலில் பெய்ஜிங்குக்கு அருகேயுள்ள ஷிங்லாங் நிலையத்துக்கு மேலே பறக்கும்போது அதனுடன் ஒரு சாவியை உண்டாக்கியது. வேறு நேரத்தில் ஆஸ்திரியாவின் கிராஸ் நிலையத்துக்கு மேலே வந்தபோது அதனுடன் இன்னொரு சாவி. பிறகு இரண்டு சாவிகளையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, எங்கே ஒன்றாக இருக்கின்றன, எங்கே மாறுகின்றன என்ற பட்டியலை மட்டும் வெளிப்படையாக அறிவித்தது. தன் சாவியை வைத்திருக்கும் கிராஸ் அந்தப் பட்டியலைக் கொண்டு ஷிங்லாங்கின் சாவியைக் கண்டுபிடித்துவிடும். வேறு யாருக்கும் பட்டியல் பயன்படாது.

ஆனால், செயற்கைக்கோளுக்கு இரண்டு சாவியும் தெரியும். பூட்டு விற்ற கடைக்காரரே இன்னொரு சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை. அவர் நல்லவராக இருக்கும்வரை வீடு பத்திரம். துறையில் இதற்கு ‘நம்பகமான இடைநிலையம்’ என்று பெயர். தரையில் சீனா அமைத்த 2,000 கிலோமீட்டர் பெய்ஜிங் - ஷாங்ஹாய் குவாண்டம் பாதையில் இப்படி 32 நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சாவி திறந்து மறுபடி பூட்டப்படுகிறது. செயற்கைக்கோள் அந்த 32 காவலாளிகளை ஒருவராகக் குறைத்தது. ஒருவரும் இல்லாமல் செய்யவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2 ஜிபி பேச்சுக்கு 70 கிலோபைட் சாவி என்றால், ஒரே சாவி அதைவிடப் பன்மடங்கு பெரிய செய்தியைப் பூட்டியது என்று பொருள். அந்தப் பூட்டு ஏஇஎஸ் என்ற வழக்கமான கணித முறை. குவாண்டம் கணினிக்கும் எளிதில் பணியாத நல்ல முறைதான். இருந்தாலும் கணக்கை நம்பாத ஏற்பாடு என்று விளம்பரமான பேச்சில் பாதி நம்பிக்கை கணக்கின் மேல்தான் இருந்தது.

காவலாளியே இல்லாத வழி உண்டா? உண்டு. ஆர்டர் எக்கர்ட் என்ற இயற்பியலாளர் 1991-இல் அதைச் சொன்னார். நடுவில் இருப்பவர் பின்னிய துகள் இணைகளை மட்டும் இரண்டு பக்கமும் அனுப்பட்டும். விடை பிறப்பது தரையில் அளக்கும்போதுதான் என்பதால் அனுப்பியவருக்கே சாவி தெரியாது. அவர் மோசடிக்காரராக இருந்தால், பெல் சோதனையின் எண் 2-க்குக் கீழே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். எதிரி நாட்டின் செயற்கைக்கோளைக்கூடப் பயன்படுத்தலாம்!

2020-இல் பான் குழுவினர் இதையும் செய்து காட்டினார்கள். 1,120 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள டெலிங்ஹாவும் நான்ஷானும் மிசியஸை நம்பாமலேயே ஒரு சாவியைப் பெற்றன. வேகம் விநாடிக்கு 0.12 பிட். 3,100 விநாடிகள் சேர்த்துவைத்த அளவீடுகளில் கிடைத்த முழுச் சாவி 372 பிட்; தமிழில் ஓரிரு சொற்களை மட்டுமே பூட்டும் நீளம். காரணம் எளிது. மேலே விநாடிக்கு 59 லட்சம் இணைகள் பிறந்தாலும், இரண்டு துகளும் தனித்தனியே தப்பிப் பிழைத்துத் தரைக்கு வர வேண்டும். ஒருவழியில் ஆயிரத்தில் ஒன்று தேறினால், இரண்டு வழியிலும் சேர்ந்து தேறுவது பத்து லட்சத்தில் ஒன்று.

அதற்கு எதிரே இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2022 ஜூலையில் ஏவப்பட்ட ஜினான்-1 என்ற சிறிய சீனச் செயற்கைக்கோளில் குவாண்டம் கருவியின் எடை 23 கிலோதான். தரைநிலையம் சுமார் 100 கிலோ. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். 12,900 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் பெய்ஜிங்குக்கும் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷுக்கும் அது சாவி கொடுத்ததை 2025 மார்ச்சில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே தடவை தலைக்கு மேலே பறந்துபோகும் நேரத்தில் 10 லட்சம் பிட் வரை கிடைத்தது. இது நம்பகமான இடைநிலையம். மிசியஸ் கொடுத்த 372 பிட், யாரையும் நம்பாதது. நம்பிக்கையைக் கைவிட என்ன விலை என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

வெடிப்பில் தப்பிய கருவி

பெரிய நாடுகளின் கதை இப்படிப் போக, சிங்கப்பூர் வேறு பாதையில் நடந்தது. அங்கே குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் நிறுவன இயக்குநராக இருந்தவர் மேலே சொன்ன எக்கர்ட். அதே மையத்தில் அலெக்சாண்டர் லிங் தலைமையிலான குழு, ஒளித்துகள் இணைகளை உருவாக்கும் கருவியைக் கையடக்கமாகச் சுருக்கியது. 2014 அக்டோபர் 28-இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து அதை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்டாரிஸ் ராக்கெட் சில விநாடிகளில் வெடித்துச் சிதறியது. சிதைவுகளிலிருந்து மீட்ட செயற்கைக்கோளைப் பிரித்துப் பார்த்தால் கருவி பழுதில்லாமல் வேலை செய்தது. அந்தக் குழு அதையே ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது.

அடுத்த முயற்சிக்கு அவர்கள் வந்தது ஸ்ரீஹரிகோட்டாவுக்கு. 2015 டிசம்பர் 16-இல் பிஎஸ்எல்வி-சி29 சுமந்துபோன ஆறு சிங்கப்பூர் செயற்கைக்கோள்களில் கலாசியா என்ற குட்டியும் ஒன்று. அதற்குள் இந்தக் கருவியின் அடுத்த பிரதி இருந்தது. பிறகு 2019 ஜூன் 17-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அந்தக் குழுவின் ஸ்பூக்கி-1 செயற்கைக்கோள் விடுவிக்கப்பட்டது. முப்பது சென்டிமீட்டர் நீளமே உள்ள ஸ்பூக்கி-1, சுற்றுப்பாதையில் பின்னிய ஒளித்துகள்களை உருவாக்கித் தனக்குள்ளேயே அளந்து காட்டியது. மிசியஸைப் போலத் தரைக்கு அனுப்பவில்லை. ஆனால், சில கிலோ எடைக்குள் இது சாத்தியம் என்று நிரூபித்தது.

குட்டிச் செயற்கைக்கோள்களுக்கு விண்வெளி கருணை காட்டுவதில்லை. அங்கே உள்ள கதிர்வீச்சு உணர்கருவிகளைத் தாக்கி, ஒளியே வராதபோதும் ‘வந்தது’ என்று பொய் சொல்ல வைக்கும். 2024 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போன சீக் என்ற அமெரிக்கச் சோதனைக் கருவி, அப்படிப் பழுதான உணர்கருவியை லேசரால் சூடாக்கி அங்கேயே குணப்படுத்த முடியுமா என்று பார்க்கப் போனது. ஐரோப்பாவுக்கு ஈகிள்-1, கனடாவுக்கு கீசாட் என்று திட்டங்களின் வரிசை நீள்கிறது.

300 மீட்டரிலிருந்து 2,000 கிலோமீட்டர்

இந்தியா எங்கே நிற்கிறது? 2021 மார்ச்சில், இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 300 மீட்டர் தூரத்தில் குவாண்டம் சாவி அனுப்பியதாக அறிவிப்பு வந்தது. இரு முனைகளின் கடிகாரங்களையும் ஒத்திசைக்க நம்முடைய நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்துடன் சேர்ந்து அதே 300 மீட்டரைப் பின்னிய துகள்களால் கடந்தார்கள். பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் ஊர்பசி சின்ஹாவின் குழு இஸ்ரோவுடன் இணைந்து, நகரும் பெறுகருவிக்குச் சாவி அனுப்புவது உட்பட, செயற்கைக்கோளுக்கு வேண்டிய அடித்தளங்களைப் போட்டுவருகிறது. 2025 ஜூனில் டெல்லி ஐஐடி, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் உதவியுடன் தன் வளாகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னல் வழியில் சாவி அனுப்பியது. வேகம் விநாடிக்குச் சுமார் 240 பிட், பிழை 7 சதவிகிதத்துக்குக் கீழே.

2023 ஏப்ரல் 19-இல் மத்திய அமைச்சரவை தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாயை ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2030-31 வரை ஓடும் இந்தத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று, 2,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள தரைநிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாகக் குவாண்டம் முறையில் இணைப்பது. திட்டத்தின் நான்கு மையங்களில் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் கூட்டில் அமைந்திருக்கிறது. பிபி84 பிறந்த ஊருக்கும் அதை விண்ணுக்குக் கொண்டுபோகும் பொறுப்பை ஏற்ற ஊருக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

தரைநிலையத்துக்கு நல்ல இடம் எது? லடாக்கின் ஹான்லே பொருத்தமானது என்று ராமன் ஆராய்ச்சிக் கழக ஆய்வு கண்டிருக்கிறது. 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, இருண்ட வானம். ஏற்கெனவே சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய இரண்டு மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதைப் பெங்களூருக்கு அருகேயுள்ள ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடி இயக்குகிறார்கள். ஆனால், சாவி தேவைப்படுவது ஹான்லேயில் அல்ல, டெல்லியிலும் மும்பையிலும் சென்னையிலும். தூசியும் தெருவிளக்கும் பருவமழை மேகமும் சூழ்ந்த நகரங்களுக்கு இரவில் சில நிமிடம் கிடைக்கும் சாவியை எப்படிச் சேமித்துப் பங்கிடுவது என்பது ராக்கெட்டைவிடச் சிக்கலான நிர்வாகப் பிரச்சினை.

வேண்டாம் என்பவர்களின் வாதம்

எல்லாரும் இந்தப் பாதையை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, நாட்டுப் பாதுகாப்புக் கணினிகளுக்குக் குவாண்டம் சாவியைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்று இந்தச் சாவி சொல்லாது. அதற்கு வேறு முறை வேண்டும். தனிக் கருவி வேண்டும், செலவு அதிகம். இடைநிலையங்களில் உள்ளாள் துரோகத்துக்கு இடமுண்டு. இணைப்பைக் கெடுக்க நினைப்பவர் ஒட்டுக்கேட்கக்கூட வேண்டாம். ஒளியைத் தொந்தரவு செய்தாலே போதும். இவை அவர்கள் தரப்பு.

அந்தத் தரப்பின் கையில் மாற்றும் இருக்கிறது. குவாண்டம் கணினிக்கும் கடினமாக இருக்கும் என்று நம்பப்படும் புதிய கணிதப் பூட்டுகள் மூன்றை அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. இவற்றுக்குச் செயற்கைக்கோள் வேண்டாம்; மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். நம் கைப்பேசிக்கும் வங்கிக் கணக்குக்கும் வரப்போகும் பாதுகாப்பு இதுதான். குவாண்டம் சாவி நம் வீட்டு வாசலுக்கு வரும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

கருவி வழியே கசியும் ஆபத்தும் கற்பனையில்லை. 2010-இல் நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு, சந்தையில் விற்ற குவாண்டம் சாவிக் கருவிகளின் உணர்கருவியில் பளீரென்று ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கி, பிழையே காட்டாமல் சாவியைத் திருடலாம் என்று செய்து காட்டியது. ஓட்டைகள் பிறகு அடைக்கப்பட்டன. அடைக்கப்படாத ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை விதி சொல்லாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த முறைக்கு ஒரு தனி இடம் உண்டு. கணிதப் பூட்டு இன்று உடையாவிட்டாலும், இன்று சேமித்துவைத்த செய்திக்கு நாளை உடைகிற அபாயம் நீடிக்கும். ஒழுங்காகச் செய்யப்பட்ட குவாண்டம் சாவியில் அந்தப் பாக்கி இல்லை. திருட முடியும் ஒரே நேரம் ஒளித்துகள் பறக்கும் அந்த விநாடிதான். ஒரு தலைமுறைக்கு ரகசியமாக இருக்க வேண்டிய சிறிய செய்திகளுக்கு, இரண்டு பூட்டும் சேர்த்துப் போடுவதில் நியாயம் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

ஏன் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு குவாண்டம் செயற்கைக்கோள் வேண்டும் என்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. பின்னல் முறை வேகம் பிடித்திருந்தால், உலகத்துக்கே பொதுவான சில செயற்கைக்கோள்கள் போதும். யார் ஏவினாலும் கவலையில்லை. இன்று நடைமுறைக்கு வருவது சாவியைத் தெரிந்துவைத்திருக்கும் செயற்கைக்கோள். சீனாவின் செயற்கைக்கோள் கொடுத்த சாவியில் இந்தியா தன் ரகசியத்தைப் பூட்டாது. இந்தியச் செயற்கைக்கோளை ஐரோப்பா நம்பாது. யாரையும் நம்ப வேண்டாம் என்று தொடங்கிய ஓர் அறிவியல், அவரவர் கொடி பறக்கும் கருவியை மட்டும் நம்புங்கள் என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

இந்த நிலை நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. பின்னிய துகள்களைப் பிடித்துச் சேமித்துவைக்கும் குவாண்டம் நினைவகங்களும், அவற்றைக் கொண்டு பின்னலைக் கண்ணி கண்ணியாக நீட்டிக்கும் நிலையங்களும் ஆய்வகங்களில் மெல்ல முதிர்ந்துவருகின்றன. உயரமான பாதையில் பல மணி நேரம் கண்ணில் படும் செயற்கைக்கோள்களைச் சீனா திட்டமிடுகிறது. விநாடிக்கு 0.12 பிட் என்பது ஆயிரம் பிட்டாக மாறினால் ஆட்டத்தின் விதியே மாறிவிடும்.

அதுவரை, நம்முடைய முதல் குவாண்டம் செயற்கைக்கோள் பறக்கும் நாளில் கைதட்டலாம். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். சாவி அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியுமா, தெரியாதா? மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு எத்தனை பிட் கிடைக்கும்? கருவியை உருவாக்காத, அதை உடைத்துப் பார்க்கவே சம்பளம் வாங்கும் ஒரு குழு அதைச் சோதித்ததா? முதல் கேள்விக்கு ‘தெரியும்’ என்று பதில் வந்தால் தவறில்லை. தொடக்கம் எல்லா நாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை மறைத்து, உடைக்கவே முடியாதது என்று மட்டும் சொன்னால்தான் தவறு. 6,003 கோடி ரூபாய் கொடுக்கும் மக்களுக்கு, எதை நம்பச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.